மணிக்கட்டுக் கருவி காட்டும் எண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்? – விவாத இழை

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் இருவரும் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். திருமங்கலத்தில் தனியாக வசிக்கிறார்கள். அப்பாவுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளன; அம்மாவுக்கு அவ்வப்போது திடீரென்று படபடப்பு வந்து, சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடுகிறது. நான் பணி நிமித்தம் புனேயில் இருப்பதால், இதயத்துடிப்பு, ஆக்சிஜன், இரத்த அழுத்தம், தூக்கம் ஆகிய அனைத்தையும் அளப்பதாக விளம்பரம் செய்யப்படும் கைக்கடிகாரங்களை இருவருக்கும் வாங்கித் தந்து, அளவீடுகளை என் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். இரண்டாயிரம் ரூபாயிலும் கிடைக்கிறது, நாற்பதாயிரத்திலும் கிடைக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே பட்டியலைத்தான் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கின்றன. இந்த எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

ஒளிச்சுற்று எழுதியது:

மருத்துவச் சாதனங்களுக்கான மின்சுற்றுகளை வடிவமைக்கும் துறையில் இருப்பவன் நான். எனவே, கருவி எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

கடிகாரத்தின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பச்சை விளக்கு ஒன்று மினுக்குவதைக் காணலாம். இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் தோலுக்கு அடியில் உள்ள நுண்குழாய்களில் இரத்தம் நிறைந்து பச்சை ஒளியைக் கூடுதலாக உறிஞ்சுகிறது. இரத்தம் வடியும்போது ஒளி கூடுதலாகத் திரும்பி வருகிறது. இந்த ஏற்ற இறக்கங்களை எண்ணிச் சொல்வதே துடிப்பு அளவீடு. அதாவது, இந்தக் கருவி நேரடியாக அளப்பது திரும்பி வரும் ஒளியை மட்டுமே. துடிப்பு, ஆக்சிஜன், இரத்த அழுத்தம், மன அழுத்தம் என்று பட்டியல் நீள நீள, அளவீட்டின் பங்கு குறைந்து ஊகத்தின் பங்கு கூடுகிறது.

அசையாமல் அமர்ந்திருப்பவரின் துடிப்பை நல்ல கருவிகள் ஓரளவு சரியாகவே சொல்லும். ஆக்சிஜன் அப்படியன்று. அதற்குச் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் தேவை. மருத்துவமனையில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஒளி விரலை ஊடுருவி மறுபுறம் செல்கிறது, மணிக்கட்டிலோ திரும்பி வரும் மங்கலான ஒளியை வைத்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது. விரலில் மாட்டும் கருவிக்கே தோல் நிறம் ஒரு சிக்கல். 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையின்படி, ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிக்கொண்டிருந்தபோதே இரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் 88-க்கும் கீழே இருந்த நிலை, வெள்ளையர்களிடம் 3.6 விழுக்காடாகவும் கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடாகவும் காணப்பட்டது. நம் ஊர்த் தோல் நிறங்களை எண்ணிப் பார்த்தால், இது அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று.

இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை, சாம்சங் கடிகாரத்தில் அந்த வசதியைப் பயன்படுத்துவோர் 28 நாட்களுக்கு ஒருமுறை கையில் பட்டை கட்டும் சாதாரண அழுத்தமானியைக் கொண்டு அதைச் சீர்செய்ய வேண்டும் என்பது அந்நிறுவனமே விதிக்கும் நிபந்தனை. அப்படிச் சீர்செய்யும்படி கேட்காமலேயே 120/80 என்று காட்டும் மலிவுக் கடிகாரம் எதை வைத்து அந்த எண்ணைச் சொல்கிறது என்பதை வாங்குவோர் யோசிக்க வேண்டும். ஊசி குத்தாமல் சர்க்கரை அளப்பதாகக் கூறும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் அறவே தவிர்த்துவிடுங்கள். அத்தகைய எதற்கும் தாங்கள் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் 14 நாள் சர்க்கரை உணரி வேறு வகையைச் சேர்ந்தது. அதன் மெல்லிய இழை தோலுக்குள் சென்று திசுநீரில் உள்ள சர்க்கரையை உண்மையாகவே அளக்கிறது. ஆனால் திசுநீர் இரத்தத்தைச் சில நிமிடங்கள் தாமதமாகவே பின்தொடரும் என்பதால், சர்க்கரை வேகமாக இறங்கும் நேரத்தில் உணரி காட்டும் எண் சற்றுப் பழையதாக இருக்கும்.

கீழவாசல் எழுதியது:

ஒளிச்சுற்று சொல்வதற்கு என்னிடம் சான்று இருக்கிறது. இணையத்தில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கிய கடிகாரத்தை விளையாட்டாக ஒரு வாழைக்காயில் கட்டிப் பார்த்தேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, நிமிடத்திற்கு 78 என்று காட்டியது. ஆக்சிஜன் 98. பஜ்ஜிக்காக வைத்திருந்த காய் அது; என்னைவிட ஆரோக்கியமாக இருந்தது.

ஒளிச்சுற்று எழுதியது:

சிரிப்பாக இருந்தாலும் இதற்கு விளக்கம் உண்டு. எந்தப் பரப்பிலிருந்தும் ஒளி திரும்பி வரும். கடிகாரம் தோலின் மீதுதான் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளாத மென்பொருள், இரைச்சலுக்குள்ளும் ஓர் ஒழுங்கைத் தேடிப் பிடித்து எண்ணாக மாற்றிவிடுகிறது. 'தெரியவில்லை' என்று சொல்லத் தெரிந்த கருவியையே நான் நல்ல கருவி என்பேன்.

தாலுகா மருத்துவர் எழுதியது:

வைகைக்கரை அவர்களுக்கு: அப்பாவுக்கு வாங்க வேண்டியது கடிகாரம் அன்று, மேற்கையில் பட்டை கட்டும், பரிசோதித்துச் சான்றளிக்கப்பட்ட மின்னணு அழுத்தமானி. பட்டையின் அளவு கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும், ஏனெனில் பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ புகையோ கூடாது. முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, கையை மார்பு உயரத்தில் மேசை மீது வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். காலையும் மாலையும் ஏழு நாட்கள் இப்படி அளந்து, முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்க்கிறோம். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85-ஐத் தொட்டால் அது உயர் இரத்த அழுத்தம். ஒரு தாளில் எழுதப்பட்ட இந்த இருபத்துச் சொச்சம் எண்கள், கடிகாரம் தரும் பல்லாயிரம் புள்ளிகளைவிட எனக்குப் பயன்படுகின்றன. மருந்தின் அளவைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா என்று இவற்றை வைத்தே முடிவெடுக்கிறேன்.

இங்கு எல்லோரும் கருவியின் துல்லியத்தைப் பற்றியே பேசுகிறோம். கைபேசியின் வழியாக மருத்துவம் பலித்த இடங்களைப் பார்த்தால், அங்கெல்லாம் அளவீட்டுக்கு மறுமுனையில் ஒருவர் விழித்திருந்தார் என்பது தெரியும். மாரடைப்புக்காகத் தமிழகத்தில் 2012 முதல் 2014 வரை நடந்த ஸ்டெமி ஆய்வே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிறிய மருத்துவமனைகளிலும் 108 ஆம்புலன்ஸ்களிலும் எடுத்த ஈசிஜி, கைபேசிச் சேவை வழியாக, இதய இரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப் வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்குச் சென்றது. அங்குள்ள இதய மருத்துவர் அதைப் பார்த்து, இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போடலாமா, நேராக அனுப்பிவைக்க வேண்டுமா என்று சொன்னார். நான்கு மருத்துவமனைத் தொகுப்புகளில் 2,420 நோயாளிகள் இடம்பெற்ற அந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. அங்கே பயன்பட்டது நூறாண்டுப் பழமையுள்ள ஈசிஜியும் சாதாரணக் கைபேசி இணைப்பும்தான். புதியது என்று சொன்னால் ஏற்பாடு மட்டுமே: யார் அனுப்புவது, யார் பார்ப்பது, வண்டி எங்கே செல்வது, செலவை யார் ஏற்பது என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தார்கள்.

சான்றுதேடி எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதை ஆய்வுகளின் பக்கமிருந்து பார்க்கலாம். சென்னையைச் சேர்ந்த சர்க்கரை நோய் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களில் ஒரு பாதியினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும் தரப்பட்டது; மறு பாதியினருக்கு அதனுடன் உணவையும் உடற்பயிற்சியையும் பற்றிய குறுஞ்செய்திகளும் அனுப்பப்பட்டன. எல்லோருக்கும் ஒரே செய்தியன்று. அவரவர் மாற்றத்துக்கு எந்த அளவுக்கு ஆயத்தமாக இருக்கிறார் என்பதைப் பொறுத்துச் செய்தி மாறியது. இரண்டு ஆண்டுகளில் அறிவுரை மட்டும் பெற்றோரில் 27 விழுக்காட்டினருக்கும், குறுஞ்செய்தி பெற்றோரில் 18 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோய் வந்தது. பொத்தான் கைபேசியே அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் அதில் பெண்கள் ஒருவர்கூட இல்லை என்பதையும், கலந்துகொண்டோர் வேலையில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அரியானாவிலும் கர்நாடகத்திலும் 40 சமுதாய சுகாதார நிலையங்களில் 3,698 பேரிடம் நடத்தப்பட்ட எம்வெல்கேர் ஆய்வில், செவிலியர் கையில் உள்ள டேப்லெட் மருத்துவருக்குச் சிகிச்சைப் பரிந்துரை தந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மேம்படுத்தப்பட்ட வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட இவர்களின் இரத்த அழுத்தமோ சர்க்கரையோ கூடுதலாகக் குறையவில்லை. அமெரிக்காவில் 471 இளையோரிடம் நடத்திய உடல் எடை ஆய்வின் முடிவு இன்னும் வேடிக்கையானது. இரண்டு ஆண்டுகளின் முடிவில், உடல் அசைவைக் கணக்கிடும் கருவி அணியாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ இளைத்திருந்தார்கள். கருவி அணிந்தவர்கள் இளைத்தது 3.5 கிலோதான். எண்ணைப் பார்த்ததும், இன்றைக்கு இவ்வளவு நடந்துவிட்டோமே என்ற நிறைவில் ஒரு வடை கூடிவிடுகிறது போலும். இது என் ஊகம், ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை.

ஒளிச்சுற்று எழுதியது:

இருவரும் கருவிகளை ஒரேயடியாகத் தள்ளிவிடுவது போலத் தோன்றுவதால் ஒரு மறுப்பு. வைகைக்கரையின் அம்மாவுக்கு வந்து போகும் படபடப்பை மருத்துவமனையில் எடுக்கும் ஈசிஜி எப்படிப் பிடிக்கும்? அவர் பேருந்து ஏறிச் சென்று வரிசையில் நின்று படுக்கையில் படுப்பதற்குள் துடிப்பு சீராகியிருக்கும். தாளில் ஒன்றும் தெரியாது. 'மனசுதான் காரணம்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் துடிப்புக் கோளாறு இப்படித்தான் பல ஆண்டுகள் ஒளிந்திருந்து, சிலருக்கு முதல் அறிகுறியாகவே பக்கவாதத்தைக் கொண்டுவருகிறது. நாள் முழுவதும் உடலோடு இருக்கும் கருவிக்கு மட்டுமே இதில் வாய்ப்பு உண்டு.

ஆப்பிள் கடிகாரத்தை வைத்து அமெரிக்காவில் 4,19,297 பேரிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. அதில் சீரற்ற துடிப்பு என்ற எச்சரிக்கை 0.52 விழுக்காட்டினருக்கே வந்தது. ஊரெல்லாம் பீதி கிளம்பும் என்று அஞ்சியது நடக்கவில்லை. எச்சரிக்கை வந்தவர்களில், மார்பில் ஒட்டும் ஈசிஜி வில்லையை அணிந்து திருப்பி அனுப்பியோரில் 34 விழுக்காட்டினரிடம் அந்தக் கோளாறு உறுதியானது.

தாலுகா மருத்துவர் எழுதியது:

படபடப்பைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். விரலை வைத்தால் முப்பது விநாடி ஈசிஜி எடுக்கும் வசதியுள்ள கடிகாரமோ, அதே வேலையைச் செய்யும் சிறிய பட்டைக் கருவியோ அம்மாவுக்கு உண்மையிலேயே உதவும். படபடக்கும் அந்த நேரத்திலேயே எடுத்த ஒரு பதிவைக் கொண்டுவந்தால், பல மாதக் குழப்பம் ஒரே நாளில் தீரலாம். ஆனால் நீங்கள் சொன்ன ஆய்வில் இடம்பெற்றவர்களின் சராசரி வயது நாற்பதை ஒட்டியே இருந்தது, எல்லோரும் ஏற்கெனவே ஐபோன் வைத்திருந்தவர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மேலும், இத்தகைய கருவி எடுக்கும் ஒற்றைத் தடப் பதிவு துடிப்பின் ஒழுங்கைச் சொல்லுமே தவிர மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலிக்கும் நேரத்தில் கடிகாரம் 'இயல்பு' என்று காட்டியதால் வீட்டிலேயே காத்திருந்துவிட்டு, காலம் கடந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

கிராம சுகாதார செவிலியராகத் துணை சுகாதார நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இங்கே நடக்கும் பேச்சு முழுவதும், சொந்தமாகக் கைபேசி வைத்திருப்பவரை மனத்தில் கொண்டே நடக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்குப்படி, தாங்களே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் இந்திய அளவில் பாதியைச் சற்றுத் தாண்டியவர்கள். தமிழகத்தில் ஏறத்தாழ நான்கில் மூவர். மீதமுள்ள அந்த ஒருவரைத்தான் நாங்கள் வீடு வீடாகத் தேடிப் போவோம்.

கர்ப்பிணியைப் பதிவு செய்து பிக்மி எண் என்னும் அரசுப் பதிவெண் வாங்கும்போது கைபேசி எண் கேட்போம். கொடுப்பது கணவரின் எண்ணாக இருக்கும். அவர் காலையில் வேலைக்குப் போகும்போது கைபேசியும் கூடவே போய்விடும். இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லி அனுப்பிய செய்தி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வாசிக்கப்படும். அந்தப் பெண் இங்கே வீட்டில் இருப்பாள். ரீசார்ஜ் முடிந்துவிட்டால் புது சிம் வாங்குவதே மலிவு என்று எண்ணையே மாற்றிவிடுவார்கள். பழைய எண்ணை அழைத்தால் யாரோ ஓர் ஆண் எடுத்து, 'எனக்கு எதற்கம்மா இரும்புச்சத்து மாத்திரை?' என்று கேட்பார்.

காசநோய்க்கும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்தால், உறையின் உட்புறத்தில் மறைந்திருக்கும் கைபேசி எண் வெளிப்படும். அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைய மாத்திரையை விழுங்கியதாகக் கணக்கு. 99டாட்ஸ் என்று பெயர். செலவில்லாத, புத்திசாலித்தனமான வழிதான். ஆனால் மாத்திரையைத் தவறாமல் உண்டுவிட்டு அழைக்க மறந்தவர்களும் இருந்தார்கள், அழைப்பு பதிவாகியும் மாத்திரையை உண்ணாதவர்களும் இருந்தார்கள். சிறுநீர்ப் பரிசோதனையோடு ஒப்பிட்ட ஆய்விலும் இந்த இடைவெளி தெரிந்தது. அழைப்பு வராத வீட்டுக்கு மறுநாள் யாராவது நேரில் போனால்தான் அந்த முறைக்குப் பொருள்.

இதற்கு நேர்மாறாக, 2022 ஏப்ரலில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில்' அந்த நேரில் பார்க்கும் வேலைதான் முதலில் வந்தது. நோய் உறுதியான அன்றே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, விரல் ஆக்சிமீட்டர் அளவு ஆகியவற்றைக் குறித்து, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்றும் பார்ப்பார்கள். எல்லாம் ஒரே தாளில் அடங்கும். தேறாதவர்களை உடனே உள்நோயாளியாகச் சேர்த்துவிடுவார்கள். கணினிச் செயலி அதற்குப் பின்னால்தான் வருகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் அழுத்தமானியையும் குளுக்கோமீட்டரையும் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருபவர் ஒரு பெண் தன்னார்வலர். அவர் அளந்து, செயலியில் பதிந்து, மாத்திரையையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். தம்பி வைகைக்கரை, உங்கள் பெற்றோரிடம் இவர்கள் வருகிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

நன்றி அம்மா. தன்னார்வலர் வருவதாகவும், மாத்திரை வாங்கிக்கொள்வதாகவும் அப்பா சொல்கிறார். எனக்குத்தான் இதுவரை தெரியாமல் இருந்திருக்கிறது. மேற்கைப் பட்டை அழுத்தமானிக்கும், அம்மாவுக்கு ஈசிஜி எடுக்கும் சிறு கருவிக்கும் ஏற்பாடு செய்கிறேன். இன்னும் ஓர் ஐயம்: இந்தக் கருவிகளின் செயலிகள் பதிவு செய்யும்போதே இருப்பிடம், தொடர்பு எண்கள் என எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கின்றன. இந்த விவரங்கள் எங்கே போகின்றன?

சான்றுதேடி எழுதியது:

துடிப்பை எண்ணுவதற்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை, மறுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் ப்ளூடூத் கருவியை இணைப்பதற்காக இருப்பிட அனுமதி கேட்பது சில பதிப்புகளில் தொழில்நுட்பத் தேவையாகவே இருந்தது, ஆனால் இணைத்த பிறகு அதை நிறுத்திவிடலாம்.

2023-இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. உடல்நலத் தரவுக்கென்று தனியான, கடுமையான வகைப்பாடு எதையும் அது வைக்கவில்லை என்பது என் வருத்தம். முன்பிருந்த வரைவுகளில் அப்படி ஒரு வகை இருந்தது. நான் வேலை பார்த்த இடத்தில், காலடிக் கணக்கைப் பகிர்ந்தால் மருத்துவக் காப்பீட்டுத் தவணையில் தள்ளுபடி என்றார்கள். பலரும் மகிழ்ச்சியோடு சேர்ந்தார்கள். கால் முறிந்து இரண்டு மாதம் படுத்திருந்த ஒருவரின் தள்ளுபடியை, விளக்கம் எதுவும் கேட்காமல் மென்பொருளே நிறுத்திவிட்டது. முறையிடுவதற்கு அங்கே மனிதர் யாரும் இல்லை.

கீழவாசல் எழுதியது:

அவர் அந்த வாழைக்காயிடம் கடிகாரத்தைக் கொடுத்திருக்கலாம்.

தாலுகா மருத்துவர் எழுதியது:

நகைச்சுவைக்கு நடுவே, வைகைக்கரை அவர்களுக்கு நடைமுறை ஏற்பாடு ஒன்றைச் சொல்கிறேன். பெற்றோரைப் பார்க்கும் மருத்துவரிடம், அளவீடுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் காணொளி, குரல், எழுத்து மூன்றையும் ஏற்கின்றன. ஆனால் தொலைவிலிருந்தே பார்ப்பது போதுமா, நேரில் வரவேண்டுமா என்று முடிவு செய்யும் உரிமையையும், பதிவுகளைப் பேண வேண்டிய கடமையையும் மருத்துவரிடமே விட்டிருக்கின்றன. நள்ளிரவில் விளக்கம் ஏதுமின்றி வந்து விழும் கைபேசித் திரைப் பதிவுகளுக்கு நான் பொறுப்பேற்க முடியாது. நான் உறங்கும் நேரத்தில் அனுப்பிவிட்டு, மருத்துவருக்குத் தெரிவித்தாயிற்று என்று குடும்பத்தினர் நிம்மதியாக இருந்துவிடுவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

என் நோயாளிகளிடம் நான் வைத்திருக்கும் முறை இது. ஏழு நாள் அளவீட்டைத் தாளில் எழுதி, மாதம் ஒருமுறை ஒரே படமாக அனுப்ப வேண்டும். பகலில், நான் குறித்துத் தந்த நேரத்தில் பார்த்துப் பதில் எழுதுவேன். மேல் அளவு 180-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் அமர்ந்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் இறங்காமல், தலைவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கை கால் மரத்தல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் படம் எடுத்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். அறிகுறி எதுவும் இல்லையென்றால் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்தால் போதும்.

நீங்கள் புனேயில் இருப்பதால் ஒன்றைக் கூடுதலாகச் செய்யலாம். உங்கள் கைபேசிக்கு எச்சரிக்கை வந்தால், பத்து நிமிடத்தில் அந்த வீட்டுக் கதவைத் தட்டக்கூடிய பக்கத்து வீட்டார் ஒருவரின் எண்ணையும், அவரிடம் ஒரு மாற்றுச் சாவியையும் ஏற்பாடு செய்துவிட்டு, அதன் பிறகு கருவியை வாங்குங்கள்.